அம்மா ஏறிய இலவச பஸ்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மாதனூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற சூப்பர்வைசர் நான். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு ஷூவையும் எடுத்து, உள்ளே விரல் விட்டு, தையலைத் தடவி, தோலை வளைத்துப் பார்த்து, குறை தெரிகிற இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டவேண்டும். நல்ல ஷூ என்று ஒன்று என் மேஜைக்கு வருவதேயில்லை. இன்னும் குறை கண்டுபிடிக்காத ஷூதான் வரும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கண் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

எங்கள் லைனில் ரிஜெக்‌ஷன் கம்மி என்று சொல்லி, ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஏஜென்ட் எனக்கும் வீட்டில் ஒருவருக்கும் கப்பல் டிக்கெட் கொடுத்தபோதும் அப்படித்தான். சிங்கப்பூரில் ஏறி, நடுவில் ஓர் ஊரில் ஒருநாள் இறங்கி, மறுபடி சிங்கப்பூர். சும்மா எதற்குக் கொடுக்கிறார்கள்? படிவத்தை நாலு முறை படித்தேன். எங்கள் வீட்டில் படிவம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் தொட்டி வேலை பார்த்தவர், கைரேகை வைப்பார். அம்மா வேறொரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன், தன் பெயரை மட்டும் எழுதுவாள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா என்று வீட்டில் உள்ள காகிதம் எல்லாம் நான் எட்டாவது படிக்கும்போதே என் கைக்கு வந்துவிட்டது.

"மாட்ட யாரு பாக்கறது" என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார். அம்மா கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அந்த நடு ஊர், பினாங்கு. கப்பல் பகலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் நாலரைக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும், ஐந்தரைக்குக் கப்பல் கிளம்பிவிடும் என்று மைக்கில் மூன்று முறை சொன்னார்கள். கப்பலில் கொடுத்த கார்டு இல்லாமல் துறைமுக வாசலில் யாரையும் உள்ளே விடமாட்டார்களாம். நான் இரண்டு கார்டையும் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு பையில் போட்டு, சட்டைக்கு உள்ளே வயிற்றோடு கட்டிக்கொண்டேன். அம்மாவின் போனையும் வாங்கி என் தோள்பையில் வைத்தேன். வெளிநாட்டில் அதை யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினால்?

"என் கார்ட எங்கிட்ட குடு நைனா. கழுத்துல மாட்டிக்கறேன்" என்றாள் அம்மா.

"நீ தொலச்சிடுவம்மா."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "சரி, சாப்ட்டுப் போலாம். கப்பல்ல மத்தியானச் சோறு இருக்குதில்ல" என்றாள். கரையில் எந்த எண்ணெயில் பொரிப்பார்களோ என்று எனக்கும் தோன்றியதால் சாப்பிட்டே இறங்கினோம். அதனால்தான் வாசலைத் தாண்டும்போது மணி ஒன்றரை ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் கும்பல். கார்க்காரர்கள், மூன்று சக்கர வண்டிக்காரர்கள், படம் போட்ட அட்டையை முகத்துக்கு நேராக நீட்டுகிறவர்கள். நான் எப்போதும் போல முதலில் கால்களைப் பார்த்தேன். ஆள் பொய் சொல்லலாம், ஷூ சொல்லாது என்று ஒரு நம்பிக்கை எனக்கு. அங்கே எல்லோரும் ரப்பர் செருப்பு போட்டிருந்தார்கள். பார்க்க ஒன்றுமில்லை.

அதில் ஒருவர், ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், கார் ஓட்டுகிறவர், நேராகத் தமிழில் கேட்டார். "பசியாறிட்டீங்களா தம்பி? ஊர்லேர்ந்தா? எந்தப் பக்கம்?"

எதற்குச் சொல்லவேண்டும் என்று நான் யோசிப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "வேலூர்ப் பக்கம்."

"எங்க தாத்தாவும் அந்தப் பக்கம்தான். ஆற்காடுன்னு சொல்லுவாரு."

இதே வார்த்தையைக் காலையிலிருந்து எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ. மதுரை என்றால் மதுரைத் தாத்தா, தஞ்சாவூர் என்றால் தஞ்சாவூர்த் தாத்தா. மனசுக்குள் அவர் சட்டைமேல் ஓர் அம்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். "எவ்ளோ கேப்பீங்க?" என்றேன் வெறுப்பாக.

"உங்களுக்கு டைம் கம்மியா இருக்கு. காடி எதுக்கு? அதோ, படகுத்துறை பக்கத்துல பிரீ பஸ் இருக்கு. ஊர ஒரு சுத்து சுத்திட்டு இங்கயே கொண்டாந்து விட்டுடும். ஏறி உக்காந்துக்குங்க, அவ்ளோதான்."

காரைத்தான் காடி என்கிறார் போல. வாடகை கேட்கிற கார்க்காரனை நம்பலாம், அவனுக்கு வேண்டியது என்ன என்று தெரியும். சவாரியே வேண்டாம் என்று சொல்லி இன்னொரு வண்டியைக் கைகாட்டுகிறவனை எப்படி நம்புவது? அந்த வண்டியில் இவருக்கு என்ன பங்கு?

"நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு அம்மா படகுத்துறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து கம்பெனி பஸ்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்றாலும் கண்டக்டர் சீட்டு கொடுப்பார். டிக்கெட்டே இல்லாத பஸ் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். காலையில் மாதனூர் கூட்ரோட்டில் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனிக்குச் சொந்தம், அதில் ஏறுகிறவர்களும் அந்தக் கம்பெனிக்குச் சொந்தம். எங்கள் தெரு அக்கா ஒருத்தி அவசரத்தில் வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறி, அவர்கள் கேட்டில் போய் நின்றுவிட, எங்கள் ஆட்களை இழுக்கப் பார்க்கிறார்கள் என்று இரண்டு கம்பெனி மேனேஜர்கள் போனில் சண்டை போடும் அளவுக்குப் போனது. அதனால் ஒரு பஸ்ஸைப் பார்த்தால், இது யாருடைய பஸ் என்று தெரியாமல் நான் படியில் கால் வைக்கமாட்டேன்.

அம்மாவுக்கு அந்த பஸ் பதினேழு வருடப் பழக்கம். அதற்கென்று பெண்கள் வைத்திருக்கும் சட்டங்கள் சில உண்டு. முதலில் ஏறியவள் பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்துத் தோழிக்கு இடம் பிடிக்கவேண்டும். தோழி பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவர் நிற்கமாட்டார். ஆனால் அவள் அந்த ஸ்டாப்பை விட்டு நகரக்கூடாது, அதே பஸ் இரண்டாம் நடை வரும். ஏறியவளும் கம்பெனி வாசல் வருவதற்கு முன்னால் எங்கேயும் இறங்கக்கூடாது. இந்தச் சட்டம் எனக்கும் தெரியும். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

படகுத்துறை நிறுத்தத்தில் அந்த பஸ் நின்றுகொண்டிருந்தது. நெற்றிப் பலகையில் ஃப்ரீ என்று எழுத்து ஓடியது. ஒரே மாதிரி ஊதாச் சட்டை போட்ட நாலைந்து பெண்கள், கையில் சாப்பாட்டுப் பையோடு ஏறினார்கள். ஏதோ ஓட்டலில் துப்புரவு வேலை போலிருக்கிறது. அம்மாவுக்கு அது போதும். அவர்கள் பின்னாலேயே ஏறிவிட்டாள்.

நான் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கெங்கே நிற்கிறது, எங்கே முடிகிறது, அடியில் பொடி எழுத்தில் ஏதாவது நிபந்தனை போட்டிருக்கிறதா. எதற்கும் இருக்கட்டும் என்று போனில் படம் எடுத்தேன். படம் ஆடிவிட்டது. இன்னொன்று எடுத்தேன். பின்னால் புஸ்ஸென்று கதவு மூடும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்கும்போது பஸ் நகர்ந்துவிட்டது. மூன்றாவது வரிசை ஜன்னலில் அம்மா. பக்கத்து இடத்தில் அவளுடைய கட்டைப்பை எனக்காக உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்கு உள்ளிருந்து, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மேலும் கீழும் அசைத்தாள். வா, வா என்று கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். சிக்னலில் பிடித்துவிடலாம் என்று பார்த்தேன். சிக்னல் பச்சையாக இருந்தது.

அம்மாவிடம் போன் இல்லை. பாஸ்போர்ட் இல்லை. கப்பல் கார்டு இல்லை. மூன்றும் என் உடம்பில் இருந்தன. நாலரைக்குள் அவளைக் கண்டுபிடிக்காவிட்டால், தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்த ஒரு பெண் தெரியாத நாட்டில் காகிதமே இல்லாமல் நிற்பாள்.

மூச்சு வாங்கத் துறைமுக வாசலுக்குத் திரும்பினேன். அந்தக் கார்க்காரர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் அவர் பதறவேயில்லை.

"அங்கயே நில்லுங்க தம்பி. பஸ் சுத்திட்டு அங்கதான் வரும். ஒரு மணி நேரம் ஆவும், ரோடு ஜாம்."

"ஒரு மணி நேரம் நான் சும்மா நிக்கணுமா?"

"வேற என்ன செய்றது லா?"

ஏன் பதறவில்லை? ஏன் என்னை ஓரிடத்தில் நிற்கச் சொல்கிறார்? முதலில் எங்களை அந்த பஸ்ஸுக்கு அனுப்பியது யார்? இப்போது அவர் சட்டையில் அம்பு ஒட்ட இடமே இல்லை. "நீங்க சொல்லித்தான் ஏறினாங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், போனில் இருந்த வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டு நடந்தேன்.

ஒவ்வொரு நிறுத்தமாகத் தேடுவது என் திட்டம். வெய்யில் நம்ம ஊர் சித்திரை மாதிரி, ஆனால் உடம்பு முழுக்க ஈரம். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருந்தது, அதில் பாதியை மோட்டார் சைக்கிள்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ரோட்டில் இறங்கினால் ஹார்ன் அடிக்காமல் கார்கள் பின்னால் வந்து நின்றன. ஹார்ன் அடிக்காத ஊர் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. முதல் நிறுத்தத்தில் அம்மா இல்லை. இரண்டாவதில் நாலு வெள்ளைக்காரர்கள் ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது நிறுத்தம் கோயில் தெருவில். புடவைக் கடை, மிட்டாய்க் கடை, சத்தமாகப் பாட்டு. வேலூர் பஜாரில் வந்து விழுந்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், பச்சைப் புடவை கட்டிய பெண் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"காலைலேர்ந்து எத்தனையோ பச்சைப் புடவை போச்சு. பேரு சொல்லுங்க, கோயில் மைக்ல கூப்பிடச் சொல்றேன்."

பேர் எதற்கு? பேரை மைக்கில் சொன்னால், தனியாக ஒரு பெண் அலைகிறாள் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடாதா? "இல்ல, பரவால்ல" என்றேன்.

"பேரும் சொல்லமாட்டீங்க, ஆளையும் தேடணும். நல்லாருக்கு" என்று அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

கொஞ்சம் தள்ளி ஒரு போலீஸ்காரர் நின்றார். அவரை நோக்கிப் பத்தடி நடந்தேன். அப்புறம் யோசித்தேன். அம்மாவின் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்பார். என் வயிற்றுப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். போன்? அதுவும் என்னிடம். கார்டு? அதுவும். ஒரு பெண்ணின் அடையாளம் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவளைக் காணோம் என்கிற ஆளை எந்தப் போலீஸ் நம்பும்? என் மேஜைக்கு இப்படி ஒரு கேஸ் வந்தால் நானே அம்பு ஒட்டியிருப்பேன். திரும்பி நடந்தேன்.

மணி மூன்றாகிவிட்டது. உயரமான ஒரு கட்டடத்துக்கு அடியில் இருந்த பெரிய பஸ் நிலையத்தில் என் கால் ஓய்ந்தது. அதே மாதிரி இன்னொரு இலவச பஸ் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் ஏறினேன். டிரைவரிடம், "இது படகுத்துறைக்குத்தானே போகும், வேறு எங்கேயும் போகாதே" என்று இங்கிலீஷில் மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவர் தலையை மட்டும் ஆட்டினார். கதவுக்குப் பக்கத்திலேயே, கம்பியைப் பிடித்தபடி, உட்காராமல் வந்தேன். பஸ் நெரிசலில் ஊர்ந்தது. இதே ரோட்டில் எனக்கு முன்னால் அம்மாவின் பஸ் இதே வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரே வட்டத்தில் ஒரே வேகத்தில் போகிற இரண்டு பஸ்கள் எங்கே போய்ச் சந்திப்பது?

படகுத்துறையில் இறங்கும்போது மூன்று நாற்பது. நிறுத்தத்து பெஞ்சில் அந்தக் கார்க்காரர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க தம்பி போனீங்க? அம்மா வந்து போய்ட்டாங்க."

"எப்ப?"

"ரெண்டே முக்கால் இருக்கும். நான் ஏறிப்போயி, எறங்குங்க, உங்க மகன் தேடிட்டுப் போயிருக்காருன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டாங்க. 'எம் புள்ள ஸ்டாப்ப விட்டு நவுராது, நீ யாரு என்ன எறக்கறதுக்கு'ன்னு கேட்டாங்க. டிரைவரும் சொல்லிப் பாத்தான். அசையல. இன்னொரு சுத்து போயிருக்காங்க."

அவர் பொய் சொல்லவில்லை என்று அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. நவுராது என்கிற அந்தச் சொல்லும், நீ யாரு என்கிற கேள்வியும் அம்மா வாயிலிருந்து வந்தவை. கண்ணாடிக்கு உள்ளிருந்து அவள் கையை அசைத்தது இப்போது புரிந்தது. வா என்று கூப்பிடவில்லை. அங்கேயே நில் என்று சொல்லியிருக்கிறாள்.

"காடியில ஏறுங்க, எதிர்ல போயிப் பிடிச்சிடலாம்" என்றார் அவர்.

நாலரைக்கு இன்னும் ஐம்பது நிமிடம். பஸ் வர எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது. காரில் போய்ப் பிடிக்கலாம், நெரிசலில் மறுபடி தவறவும் விடலாம். அவள் இரண்டாவது முறை வந்து பார்க்கும்போதும் நான் இங்கே இல்லாவிட்டால், மூன்றாவது சுற்றும் போவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"இல்லண்ணா. நான் இங்கயே நிக்கறேன்."

ஓடுவதைவிட நிற்பது கஷ்டமாக இருந்தது. வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் பார்த்தேன். நாலு மணிக்கு ஒன்று வந்தது, அதில் அம்மா இல்லை. அந்த அண்ணன் ஒரு பாட்டில் தண்ணீர் நீட்டினார். மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "அம்மாவும் இப்படித்தான். பஸ்ல ஒரு பொண்ணு கொடுத்த பலகாரத்த வாங்கிக் கையிலயே வெச்சிருந்தாங்க, திங்கல."

நாலு பதினைந்துக்கு அம்மாவின் பஸ் வந்தது. மூன்றாவது வரிசை. பக்கத்து இடத்தில் கட்டைப்பை அப்படியே இருந்தது. ஊரில் பாதிப் பேர் ஏறி இறங்கியிருப்பார்கள், அந்த இடத்தை அவள் ஒருவருக்கும் விடவில்லை.

என்னைப் பார்த்த பிறகுதான் எழுந்தாள். படியிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தாள்.

"எங்கடா போன? ஸ்டாப்ப விட்டு இன்னாத்துக்கு நவுந்த?"

"உன்னத் தேடித்தாம்மா..."

"நான் எங்க போனேன்? பஸ்லதான உக்காந்திருந்தேன். நீ நிக்காத ஸ்டாப்புல நான் எப்பிடி எறங்கறது? கம்பெனி வாசல்ல நிறுத்துவான், எறங்கி நிக்கலாம்னு பாத்தா, அவன் சுத்திச் சுத்தி இங்கயே வர்றான். ஒரே பேஜாரு. படிச்ச புள்ளக்கி இது கூடவா தெரியாது?"

அதற்குள் அண்ணன் கார்க் கதவைத் திறந்து நின்றார். நான் தயங்கிய அந்த ஒரு நொடியில் அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "கப்பலுக்கு வுடுப்பா" என்றாள், ஷிப்டுக்கு லேட்டான குரலில். மூன்று நிமிடத்தில் வாசலில் விட்டார். எவ்வளவு என்று நான் கேட்பதற்குள், பின்னால் நின்ற வண்டிக்கு வழிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு இதில் என்ன கிடைத்தது என்று இன்றைக்கும் அவ்வப்போது யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

வாசலில் வரிசை. ஒவ்வொருவரும் தங்கள் கார்டைத் தாங்களே காட்டவேண்டும் என்று காவலாளி சொன்னார். நான் சட்டைக்குள் கையை விட்டு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வியர்வையில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கார்டை வெளியே எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் கட்டைப்பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். கம்பெனி ஐடி மாட்டுகிற நீலக் கயிறு, முனையில் பிளாஸ்டிக் உறையோடு. ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். இறங்குவதற்கு முன்னால் அவள் கார்டைக் கேட்டதும் இதில் மாட்டிக்கொள்ளத்தான். கம்பெனி கேட்டில் தினமும் இரண்டு வேளை, பதினேழு வருடம், கார்டு காட்டிப் போய்வந்தவள் அவள். ஒரு நாள்கூட அதைத் தொலைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கப்பல் கார்டை உறைக்குள் நுழைத்து, கழுத்தில் போட்டு, காவலாளி கேட்பதற்கு முன்பே மிஷினில் காட்டினாள். டிங்கென்று சத்தம் வந்தது. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள்.

நான் இன்னும் என்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டுகளுக்கு நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.

"வெச்சிருக்கியா, தொலச்சிட்டியா?" என்றாள் அம்மா.

"இருக்கும்மா."

"காட்டு பாக்கலாம்."

எடுத்துக் காட்டினேன். அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, என் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.